ஊறவைக்காத குழி

பிப்ரவரி 9

அன்புத் தம்பி பெருச்சாளிக்கு,

அக்கா எழுதுகிறேன். இருமல் உன்னை விட்டதா, நீ அதை விட்டாயா? வாடகை அறையின் ஒழுகும் கூரையை வீட்டுக்காரர் சரிசெய்தாரா? இங்கே உன் அத்தானின் முழங்கால் வலி தவிர மற்ற யாவும் நலமே.

என் மகளுக்கு, உன் மருமகளுக்கு, திருமணம் உறுதியாயிற்று. பையன் மின் அலுவலகத்தில் பணியாற்றுகிறான். அவன் அலுவலகம் நம் வீட்டிலிருந்து நடக்கும் தொலைவு. அவன் பெற்றோர் இருப்பதோ நகரின் மறுகோடி. ஆகவே நம் வீட்டுப் பின்புறம் இரண்டு அறைகள் கட்டி மணமக்களைக் குடிவைக்கலாம் என்று பேசி முடித்தோம். சம்பந்தி ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். நல்ல மனிதர். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"எங்களுக்கு நகை வேண்டாம், நட்டு வேண்டாம். பிள்ளைங்களுக்குத் தனிக் கழிப்பறை மட்டும் வேணும். கல்யாணமான புதுசுல மாப்பிள்ளைய மாமனாருக்குப் பின்னாடி வரிசையில நிக்க வெச்சுடாதீங்க" என்றார். முன்புறம் இருக்கும் பழைய கழிப்பறை ஒன்றே நமக்கு என்பதைப் பார்த்துவிட்டார் போலும். உன் அத்தான் மண்ணைக் கேட்காமலேயே வாக்குக் கொடுத்துவிட்டார்.

கட்ட இசைவு வேண்டுமானால், பின்புற நிலம் கழிவுத் தொட்டி நீரை உறிஞ்சுமா என்று உரிமம் பெற்ற ஆய்வாளர் ஒருவர் கையொப்பமிட வேண்டுமாம். அதுதானே உன் வேலை. நீ இவ்வளவு தொலைவு அலைய வேண்டாம். கடிதத்திலேயே பார்த்து முடித்துவிடலாம் என்று அத்தானும் சொல்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

பிப்ரவரி 17

அணைக்கும் கையும் அடிக்கும் கையும் ஒன்றேயான என் அக்காவுக்கு,

வணக்கம். இருமல் போய்விட்டது, கூரை மட்டும் இன்னும் என்னோடு சேர்ந்து அழுகிறது. அத்தானின் முழங்காலைத் தனியே நலம் கேட்டதாகச் சொல்.

மருமகள் மணமகளாகிறாள் என்ற வரியை எங்கள் ஆய்வுக்கூடத்தில் உரக்கப் படித்தேன். இங்கே சுவர் முழுக்கத் தகரக் குவளைகளில் ஊர் ஊராய் எடுத்த மண் அடுக்கியிருக்கிறது. அத்தனை மண்ணும் கேட்டு மகிழ்ந்தது.

ஆனால் அக்கா, மண்ணைக் கடிதத்தில் பார்க்க முடியாது. கழிவு தொட்டியில் தங்கும். மேலே தெளிந்த நீர் துளைக்குழாய் வழியே நிலத்துக்குள் போகும். அந்த இடத்தை ஊறல் நிலம் என்போம். அங்கே நீர் மெல்ல இறங்க வேண்டும். மெல்ல இறங்கினால் மண் அதைத் தூய்மை செய்யும். விரைந்தோடினால் அழுக்கோடு ஓடும். இறங்க மறுத்தாலோ, அடுத்தவர் வாசலைத் தேடிப் போகும். அதோடு, மழைக்காலத்தில் நிலத்தடி நீர் எவ்வளவு மேலேறும் என்றும் அறிய வேண்டும். மேலேறும் நீரும் கீழிறங்கும் நீரும் கைகோத்துவிட்டால், பக்கத்தில் இருக்கும் கிணறு கிணறாக இராது.

உன் பின்புறம் சரிவு. சரிவின் முடிவில் சுவர். சுவருக்கு அப்பால் தையற்காரம்மாவின் கிணறு. உன் கடிதத்தைப் படித்ததும் நான் முதலில் நினைத்தது அந்தக் கிணற்றைத்தான். அவர் வீட்டில் குழாய் கிடையாது. குடிப்பதும் அதே நீர் அல்லவா?

நானே வருகிறேன். மண்ணைத் திருகி எடுக்கும் என் இரும்புக்கோல் பேருந்துக்குள் அடங்கும். சாக்கில் சுற்றிவிட்டால் பெரிய குடை என்றே எண்ணுவார்கள். எந்தச் சனிக்கிழமை வரட்டும்?

தம்பி

பிப்ரவரி 25

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் கூரை நனைவது எனக்கு உறக்கத்தைக் கெடுக்கிறது, வீடு மாறு.

நீ வருவதைப் பற்றி எப்படி எழுதுவது என்று பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து மூன்று தாள்களை வீணாக்கினேன். தலைமையாசிரியர் கேட்டால் பிழையான மாற்றுச் சான்றிதழ் என்று சொல்லிக்கொள்வேன்.

பெண் பார்க்க வந்தபோது சம்பந்தி உன்னைப் பற்றிக் கேட்டார். உன் அத்தான், "நில அளவை அதிகாரிங்க" என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். திருத்தவில்லை. இப்போது சம்பந்தி ஒன்றுவிட்டு ஒருநாள் வந்துவிடுகிறார். பின்புறத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கட்டப்போகும் அறைகளைக் காற்றில் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நேற்று உன் கடிதத்தைக் காட்டினேன். அத்தான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மச்சான் கோலைத் தூக்கிக்கிட்டு வந்து குழி தோண்டி மோந்து பாத்தா, இவர் என்ன வேலைன்னு சம்பந்தி கேக்கமாட்டாரா? கேட்டா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பதில் சொல்றது?"

தவறாக எண்ணாதே. திருமணம் முடியட்டும், எல்லாவற்றையும் மெல்லச் சொல்லிக்கொள்ளலாம்.

நீ கேட்ட கிணறு, சுவரைத் தாண்டினால் சற்றுத் தாழ்வில் இருக்கிறது. ஆம், குடிநீர் அதுதான். உன் மருமகளின் முதல் பள்ளிச் சட்டையைத் தைத்த கை அது. மணப்பெண் துணியையும் அவரே தைக்கிறார்.

என்ன செய்ய வேண்டும் என்று எழுது. உன் அத்தான் குழி தோண்டுவார்.

அக்கா

மார்ச் 4

அக்காவுக்கு வணக்கம்.

உடல் நலம். உள்ளத்தைப் பற்றி நீ கேட்கவில்லை.

உண்பதற்கு விருந்து வைக்கிறான் மனிதன். உண்டது எங்கே போகிறது என்று பார்ப்பவனுக்கு அந்த விருந்தில் இலை போட நாணுகிறான். ஆற்றைத் தாய் என்கிறான். அந்தத் தாயின் வாயில் எதை ஊற்றுகிறோம் என்று கேட்பவனைக் கண்டால் மூக்கைப் பொத்துகிறான். இப்படி ஒரு பக்கம் எழுதினேன் அக்கா. எழுதி முடித்துக் கிழித்துவிட்டேன். ஏனெனில் என் வீட்டுக்காரரிடம் நானும் "நிலத்துறை" என்றுதான் சொல்லியிருக்கிறேன். நான் மறைத்ததைத்தான் நீயும் மறைத்தாய். சினம் கொள்ள எனக்கு ஏது தகுதி?

சொல்கிறேன், கேள். ஊறல் நிலம் அமையும் அதே இடத்தில் மூன்று குழிகள் தோண்டுங்கள், இடுப்பளவு ஆழம். முதல்நாள் முழுவதும் குழிகளை நீரால் நிரப்பி வையுங்கள். குறையக் குறைய ஊற்றுங்கள். மறுநாள் புதிதாக நீர் விட்டு, ஒரு குச்சியில் குறியிட்டு, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள்.

முதல்நாள் ஊறவைப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கோடையில் களிமண் வெடித்துக் கிடக்கும். அப்போது ஊற்றும் நீர் மண்ணுக்குள் போகாது, வெடிப்புக்குள் போகும். பார்ப்பவருக்கு நல்ல நிலம் போலத் தோன்றும். மழை வந்ததும் மண் உப்பி, வெடிப்பு மூடி, வாய் இறுகிவிடும். ஊறவைக்காத குழி பொய் சொல்லும்.

அடியாழத்து மண்ணில் ஒரு கைப்பிடி பொட்டலம் கட்டி அனுப்பு. நிறம் பார்த்து எழுது. பழுப்போ சிவப்போ என்றால் நல்லது. சாம்பல் நிறத்தில் துருப்பிடித்தாற்போலச் செம்புள்ளிகள் தெரிந்தால், மழைக்காலத்தில் நீர் அதுவரை ஏறி நிற்கிறது என்று பொருள். அப்படியானால் பின்புறம் ஆகாது. முன்புற மேட்டில்தான் மணல் கலந்த மண். இடத்தை அங்கே மாற்ற வேண்டிவரும்.

தம்பி

மார்ச் 20

அன்புத் தம்பிக்கு,

அனைவரும் நலம். நீ நலமா? வெயில் தொடங்கிவிட்டது, வெறுந்தலையோடு காட்டில் அலையாதே.

சோதனை முடிந்தது. உன் அத்தான் முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டு மூன்று குழிகளையும் தானே தோண்டினார். பிறகு கைக்கடிகாரமும் குச்சியுமாக நீச்சல் போட்டிக்கு நடுவர் போல நின்றார். நீர் நன்றாக இறங்கியது. "ஊத்துன குடத்தைக் கீழ வெக்கல, அதுக்குள்ள பாதி காணோம். உன் தம்பி இதைவிட நல்ல மண்ணைக் கனவுலகூடப் பாத்திருக்க மாட்டான்" என்கிறார். குறித்த நேரங்களைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். மண் பொட்டலமும் இதனோடு வருகிறது. பழுப்பு நிறம்.

சோதனை நடந்தபோது சம்பந்தியும் இருந்தார். நல்லவேளை, ஒன்றும் விபரீதமாகக் கேட்கவில்லை. பின்புறத்தில் மூன்று எலுமிச்சைக் கன்றுகளும் நட்டாயிற்று.

கொத்தனார் அடுத்த மாதம் வேறு வேலைக்குப் போய்விடுவாராம். சான்றை விரைந்து அனுப்பினால் நல்லது.

அக்கா

மார்ச் 28

அக்காவுக்கு,

வணக்கம். தலைக்குத் தொப்பி வாங்கிவிட்டேன். எலுமிச்சைக் கன்றுகளுக்கு என் வாழ்த்து.

பொட்டலம் வந்தது. மண்ணை நனைத்து உள்ளங்கையில் உருட்டினேன். விரலிடையில் நாடாவாக நீட்டினேன். அறுந்துபோகாமல் நீண்டுகொண்டே போனது. இது களிமண் அக்கா. களிமண் முதியவர் பால் குடிப்பது போலக் குடிக்கும். நீ எழுதிய நேரங்களோ காளை கழுநீர் குடித்த வேகத்தில் இருக்கின்றன. இரண்டும் ஒரே குழியில் நடக்க முடியாது.

அதனால் இரண்டே கேள்விகள். முதல்நாள் ஊறவைத்தீர்களா? இந்தப் பொட்டலம் எந்த ஆழத்து மண்?

அஞ்சலட்டை போதும். இரண்டு சொல் போதும்.

தம்பி

ஏப்ரல் 15

அன்புத் தம்பிக்கு,

நலம். மறுமொழி எழுதக் காலம் தாழ்ந்துவிட்டது. பள்ளியில் தேர்வு வேலை. வீட்டில் திருமண வேலை.

நாள் குறித்தாயிற்று. ஜூன் மாத முதல் ஞாயிறு. அழைப்பிதழ் அச்சுக்குப் போகிறது. உன் பெயருக்கு அடியில் என்ன போடுவது என்று அச்சகத்தார் கேட்கிறார். உனக்கு எது விருப்பமோ எழுது. தையற்காரம்மா இரவல் வாங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு மணப்பெண் துணிக்குச் சரிகை வைக்கிறார். "எம் பொண்ணு கல்யாணத்துக்கே இப்படித் தைக்கல. அவ ஓடிப்போய் கட்டிக்கிட்டதால தைக்க நேரமும் குடுக்கல" என்று சொல்லிச் சிரிக்கிறார்.

உன் கேள்விகளைப் படித்தேன். அத்தான் நல்ல மண் என்றே சொல்கிறார்.

கொத்தனார் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டார். மணமக்கள் புது அறைக்குள் கால் வைப்பது உன் கையொப்பத்தில்தான் இருக்கிறது. உன் மருமகள் தன் கையால் இதற்கடியில் ஒரு வரி எழுத வேண்டும் என்கிறாள்.

"மாமா, சீக்கிரம் போட்டு அனுப்புங்க, இல்லேன்னா நான் கல்யாணத்துக்கு அப்புறமும் அம்மா அப்பாவுக்கு நடுவுலதான் படுக்கணும்."

அக்கா

ஏப்ரல் 24

அக்காவுக்கு,

நலம்.

சான்றை இணைத்திருக்கிறேன். கையொப்பம் உண்டு.

அழைப்பிதழில் தாய்மாமன் என்று மட்டும் போடு. விடுப்புக் கிடைக்குமா என்று தெரியவில்லை. வராவிட்டால் மருமகளிடம் நீயே ஏதாவது சொல்லிக்கொள்.

தம்பி

செப்டம்பர் 6

அன்புத் தம்பிக்கு,

நலமா? திருமணத்துக்குப் பின் நீ அனுப்பியது ஒரே ஓர் அஞ்சலட்டை. மண மேடையருகே உனக்கென ஒரு நாற்காலி போட்டிருந்தேன். கடைசிவரை அதில் யாரோ ஒருவருடைய கைப்பைதான் அமர்ந்திருந்தது. "அதிகாரித் தம்பி வரலீங்களா?" என்று சம்பந்தி கேட்டார். பணி அழுத்தம் என்றேன்.

மணமக்கள் நலம். புது அறைகள் அழகாக வந்துள்ளன. மழை பிடித்துக்கொண்டது. மூன்று வாரமாக ஓயவில்லை.

உனக்கு ஒன்று எழுத வேண்டும் என்று தோன்றியது. பெரிதாக ஒன்றுமில்லை. பின்புறத்தில் குழாய் பதித்த வரிசைகளின்மேல் மட்டும் புல் பச்சைப் பசேலென்று வளர்ந்திருக்கிறது, யாரோ கோடு போட்டு விதைத்தாற்போல. நடந்தால் செருப்பு புதைகிறது. எலுமிச்சைக் கன்றுகள் மூன்றும் மஞ்சளடித்து நிற்கின்றன.

தையற்காரம்மாவின் கிணற்றில் ஏதோ வாடை. தவளை செத்துக் கிடக்கும் என்று இரண்டு முறை ஆள் வைத்து இறைத்தார். இறைக்க நம் பெரிய வாளியைக் கொடுத்தேன். வாடை போகவில்லை.

இதெல்லாம் மழைக்காலத்தில் எங்கும் இருப்பதுதானே?

அக்கா

செப்டம்பர் 12

அக்காவுக்கு,

நலம் கேட்க இது நேரமில்லை.

இதைப் படித்ததும் எழுந்து, சுவரோரம் போய், தையற்காரம்மாவைக் கூப்பிட்டுச் சொல்: இந்தக் கிணற்று நீரைக் குடிக்க வேண்டாம், கொப்பளிக்கவும் வேண்டாம். ஏன் என்று கேட்பார். ஏன் என்பதையும் சொல். எங்கள் வீட்டுக் கழிவுநீர் உங்கள் கிணற்றுக்கு வந்துவிட்டது என்று சொல். அவருக்கு வேண்டிய குடிநீரை உங்கள் குழாயிலிருந்து கொடு. புதுக் கழிப்பறையை இன்றே பூட்டு. தொட்டியை லாரி வைத்து உறிஞ்சச் சொல். லாரி வந்தால் தெரு பார்க்கும். பார்க்கட்டும்.

பச்சைப் புல்லைப் பற்றி எழுதினாயே, மண் குடிக்க மறுத்து வாயால் உமிழ்வதன் அடையாளம் அது. எலுமிச்சையின் வேர் தேங்கிய நீரில் நிற்காது. ஏப்ரலில் நீ எழுதாமல் விட்டதைச் செப்டம்பரில் அந்தக் கன்றுகள் எழுதிவிட்டன.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. மண்ணை உருட்டிப் பார்த்தது என் கை. களிமண் என்று கண்டது என் கண். கேட்ட கேள்விக்கு விடை வராமலே கையொப்பமிட்டதும் அதே கைதான். வரவேண்டாம் என்று நீங்கள் சொன்னதால் எனக்குள் ஒரு வீம்பு: "என்னை மறைக்கிறீர்களா, சரி, அந்த மறைவிலேயே போட்டுத் தருகிறேன்." அந்த வீம்பைத்தான் ஒரு மூதாட்டி குடித்துக்கொண்டிருக்கிறார். மேடைதோறும் தூய நீரைப் பற்றி முழங்கிய நாக்கு இது அக்கா. இப்போது மேலண்ணத்தில் ஒட்டிக்கிடக்கிறது.

சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி எழுது.

தம்பி

செப்டம்பர் 27

அக்காவுக்கு,

உன் மறுமொழி வரவில்லை.

முன்பும் ஒருமுறை என் கேள்விக்கு உன் விடை வரவில்லை. அதை ஆம் என்று எடுத்துக்கொண்டேன். இம்முறை அப்படி எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நேற்று மேலாளர் அறைக்குப் போய், நேரில் பாராத நிலத்துக்கு நான் சான்று கொடுத்தேன், அது தவறிவிட்டது என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "யாரு நிலம்?" என்றார். "அக்கா வீடு." "சொந்த அக்காவா?" "ஆமா." "அப்ப நேர்ல போய்ப் பாக்கறதுக்கு என்ன கேடு?" என்றார். நான் அலமாரியிலிருந்த மண் குவளைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விசாரணை முடியும்வரை என் கையொப்பம் செல்லாது.

ஆகவே இனி நான் எந்த அதிகாரியும் இல்லை. உன் சம்பந்தியிடம் மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. அடுத்த மாத இரண்டாம் சனிக்கிழமை கோலோடு வருகிறேன். வேண்டாம் என்று எழுதாதே. எழுதினாலும் வருவேன். உங்களுக்கு வெட்கமாக இருக்குமானால் கோலைச் சாக்கில் சுற்றிக்கொள்கிறேன்.

தம்பி

அக்டோபர் 2

தம்பி,

எப்போதும் நலம் என்றே தொடங்கியிருக்கிறேன். இப்போது நலமில்லை.

கிணற்று நீரைக் குடிக்க வேண்டாம் என்று நீ எழுதிய கடிதம் வந்த அன்றே சுவரோரம் போனேன். தையற்காரம்மா துணி பிழிந்துகொண்டிருந்தார். நான் வாய் திறக்கும் முன்பே, "நாத்தம் உங்க வீடு வரைக்கும் அடிக்குதாம்மா? மாப்பிள்ளை இருக்கற வீடு. எனக்கே வெக்கமா இருக்கு. என்னவோ நான்தான் சுத்தபத்தமா வெச்சுக்கலைன்னு நெனைப்பாங்க. இன்னொரு தரம் இறைச்சிடறேன்" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். மறுநாளும் போனேன். மறுநாளும் வந்தேன். புதுக் கழிப்பறையைப் பூட்டினேன்; லாரியை வரவழைத்தேன்; இவற்றையெல்லாம் செய்துவிட்டால் அந்த ஒன்றைச் சொல்ல வேண்டியிராது என்பதுபோல.

அடுத்த வாரம் அவர் தையல் இயந்திரத்தின் ஓசை நின்றது. வயிற்றுப்போக்கு. மருத்துவமனையில் ஊசி வழியாக நீர் ஏற்றினார்கள். பிழைத்துத் திரும்பினார். உடம்பு பாதியாகிவிட்டது.

திரும்பிய அன்று அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே கோத்தார். நூல் ஏறவில்லை.

"வாளி குடுத்தீங்களே, அப்பத் தெரியுமா?" என்றார்.

"சந்தேகமா இருந்துச்சு" என்றேன்.

"சந்தேகமா, தெரியுமா?"

"தெரியும்."

எழுந்தார். மூலையிலிருந்த நம் வாளியை எடுத்து என் கையில் கொடுத்தார். கதவைச் சாத்தினார். உரக்கச் சாத்தவில்லை, உரக்கச் சாத்தியிருக்கலாம்.

அன்றிலிருந்து காலையில் இரண்டு குடம் குழாய்நீர் அவர் வாசலில் வைக்கிறேன். வைத்தது வைத்தபடியே நிற்கும். அவர் தளர்ந்த காலோடு தெருமுனைக் குழாய்க்குப் போய் வருவார். இன்று ஒரு குடம் வெறுமையாக இருந்தது. குடித்தாரா, கொட்டினாரா என்று தெரியவில்லை.

இனி நீ கேட்ட இரண்டு கேள்விகளுக்கு விடை. குழிகள் தோண்டி முதல் குடத்தை ஊற்றியபோது சம்பந்தி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எதுக்குங்க குழிக்குத் தண்ணி?" என்று கேட்டார். உன் அத்தான், "எலுமிச்சைக் கன்னு வெக்கப் போறோங்க" என்று சொல்லிவிட்டார். "அப்படீங்களா, கன்னு எங்க?" என்றார் அவர். அத்தான் கடைக்கு ஓடி மூன்று கன்றுகளை வாங்கிவந்து அன்று மாலையே குழிகளில் நட்டுவிட்டார். கன்று நின்ற குழியில் நாள் முழுக்க எப்படி நீரை நிரப்புவது? ஊறவைக்கவில்லை தம்பி. குச்சியில் குறித்த நேரமெல்லாம் வெடிப்பு குடித்த முதல் குடத்தின் நேரம்.

அடியில் வந்த மண்ணை நான்தான் பார்த்தேன். சாம்பல் நிறம். உள்ளே செம்புள்ளி. நீ எழுதியபடியே அச்சாக இருந்தது. அதைத் தள்ளிவிட்டு மேல்மண்ணைப் பொட்டலம் கட்டியது அத்தான் அல்ல, நான். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு அஞ்சி இதைச் செய்தேன்.

முன்புற மேட்டில் நேற்று இரண்டு குழிகள் தோண்டச் செய்து, அவர் திருப்பித் தந்த வாளியால் நானே நீர் சுமந்து ஊற்றிக்கொண்டிருக்கிறேன். முன்புறம் என்பதால் தெரு முழுவதும் பார்க்கிறது. சம்பந்தி வந்தார். அதே நாற்காலி. அதே கேள்வி. "எதுக்குங்க குழிக்குத் தண்ணி?"

வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். குழி எதற்கு, கன்று எதற்கு, கிணறு என்னவாயிற்று, என் தம்பி என்ன வேலை செய்கிறான், எல்லாம் சொன்னேன். அத்தான் உள்ளே போய்விட்டார்.

சம்பந்தி தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "முன்னாடியே சொல்லியிருக்கலாமேங்க. எங்க வீட்டுப் பின்னாடி நாலு வருஷமா சதசதன்னு கிடக்கு. யாரைக் கேக்கறதுன்னு வெக்கப்பட்டுக்கிட்டு நானும் வாய மூடிட்டு இருக்கேன். தம்பிய ஒரு எட்டு வந்து பாக்கச் சொல்லுங்க" என்றார். மாப்பிள்ளை இப்போது காலையில் உன் அத்தானுக்குப் பின்னால் வரிசையில்தான் நிற்கிறார். "எங்க அலுவலகத்துல இதவிட நீளம் அத்தை" என்கிறார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாரும் கேட்காத கேள்விக்கு அஞ்சித்தான், நீ கேட்ட கேள்விக்கு விடை எழுதாமல் இருந்தேன்.

சனிக்கிழமை வா. நம் வீட்டுக்கு முதலில் வராதே. தையற்காரம்மா வீட்டுக் கதவைத் தட்டு. எனக்கு அது திறப்பதில்லை. அவர் கிணற்றை முதலில் பார். யார் என்று கேட்டால், சான்றில் கையொப்பமிட்டவன் என்று சொல். கதவை உன் முகத்திலும் சாத்தினால், வாசலில் உட்கார்ந்திரு. நான் நீர்க்குடத்தோடு வருவேன்.

கோலைச் சாக்கில் சுற்றாதே.

அக்கா